சொல்லிக்கொண்டு போனவர்

எங்கள் தீவில் தமிழர்கள் கூடும் தேக்கா பக்கம் எந்த விழா நடந்தாலும் முன்வரிசையில், இடது ஓரத்திலிருந்து இரண்டாவது நாற்காலியில் ஓர் அக்கா உட்கார்ந்திருப்பார். முதல் நாற்காலியில் அவருடைய கைப்பை இருக்கும். யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறார் என்று எல்லாரும் நினைத்துக்கொள்வோம். அந்த யாரோ ஒருநாளும் வந்ததில்லை. அந்தப் பைக்கும் ஒரு அழைப்பிதழ் அனுப்பிவிடலாம் என்று என் வீட்டுக்காரர் சொல்வார்.

புத்தக வெளியீடு, நாட்டிய அரங்கேற்றம், பட்டிமன்றம், யாரோ ஒருவரின் அறுபதாம் கல்யாணம், பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மாறுவேடப் போட்டி, எதையும் அவர் விட்டதில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதா கோயிலில் தமிழ்ப் பூசைக்குப் போய்விட்டு, மாலையில் முருகன் பாட்டுக் கச்சேரியில் உட்கார்ந்திருப்பார். அழையா வீட்டுக்குள் நுழையாதே என்ற பழமொழியை அவர் கேள்விப்பட்டதே இல்லையோ என்று எனக்கு ஒரு சந்தேகம் உண்டு.

பெரிய ரசிகரோ என்றால் அதுவும் கிடையாது. பாட்டு ஒரு பக்கம் போகும், அவர் போடும் தாளம் இன்னொரு பக்கம் போகும். பட்டிமன்றத்தில் இரண்டு அணிக்கும் ஒரே மாதிரி கைதட்டுவார். உட்கார்ந்து கொஞ்ச நேரம் ஆனால் தலை சாய்ந்துவிடும். மற்றவர்கள் தட்டும் சத்தம் கேட்டு விழித்து, அவரும் சேர்ந்து தட்டுவார். தூங்குவதற்கு இவ்வளவு தூரம் வரவேண்டுமா என்று நான் ஒருமுறை கிண்டலாகக் கேட்டுவிட்டேன்.

"வீட்ல தூங்கினா அது எனக்கு. இங்க வந்து தூங்கினா மேடையில இருக்கவங்களுக்கு ஒரு நாற்காலி நிறைஞ்சிருக்குலா" என்றார்.

தலையைக் காட்டிவிட்டு வருவது என்று நம்மில் ஒரு வழக்கம் இருக்கிறது. வாசலில் நாலு பேர் கண்ணில் பட்டுவிட்டு, சந்தனத்தைத் தொட்டுக்கொண்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிப்பது. அவரும் அதே சொல்லைத்தான் சொல்வார். ஆனால் அவர் தலையைக் காட்டப் போனால் நன்றியுரை முடிந்து, நாற்காலிகளை அடுக்கத் தொடங்கும்வரை அந்தத் தலை அங்கேதான் இருக்கும். வரவேற்புரை பேசியவரே போய்விட்டிருப்பார். இவர் போகமாட்டார்.

தேக்கா மார்க்கெட் மாடியில் அவருக்கு ஒரு தையல் கடை. கடை என்றால் ஒரு மிஷின், ஒரு ஸ்டூல், தொங்கவிட்ட ரவிக்கைகள், பின்னால் ஒரு சுவர். விழா நடத்துகிறவர்கள் நோட்டீஸ் ஒட்ட இடம் தேடி அந்தச் சுவருக்குத்தான் வருவார்கள். ஒட்டிக்கொள்ளுங்கள் என்பார். சுவரில் ஒட்டியதற்கெல்லாம் போவார். போகாத விழாவின் நோட்டீஸைச் சுவரில் வைத்திருப்பது சாப்பிடாத வீட்டு இலையை எடுப்பது மாதிரி என்று ஒரு நியாயம் சொல்வார். எனக்கு இன்றுவரை அது புரிந்ததில்லை.

அவர் காலமாகி இரண்டு வருஷம் ஆகப் போகிறது. மார்சிலிங்கில் தம்பி குடும்பத்தோடு இருந்தார், கல்யாணம் செய்துகொள்ளவில்லை, இவ்வளவுதான் அவருடைய சொந்தக் கதையில் எனக்குத் தெரிந்தது. நான் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. சந்தித்தபோதெல்லாம் அடுத்த நிகழ்ச்சி என்றைக்கு என்பதுதான் பேச்சாக இருந்தது.

எனக்கு அவர் பழக்கமானது என் வீட்டுக்காரர் வழியாக. வீட்டுக்காரருக்கு வேலை மின்தூக்கி பழுது பார்ப்பது. வார இறுதியில் மைக்செட் போடுவார். சம்பளத்தைவிட அதில்தான் அவருக்கு மரியாதை அதிகம். மண்டபத்தின் பின்பக்கம் மேசை போட்டு உட்கார்ந்திருக்கும் அவருக்கு, முன்வரிசையில் சத்தம் எப்படிக் கேட்கிறது என்று தெரியாது. அக்கா ஒரு விரலைத் தூக்கினால் கேட்கவில்லை, கையை விரித்தால் இரைச்சல், தலைமேல் கை வைத்தால் பேச்சாளரை யாராவது உட்காரச் சொல்லுங்கள் என்று அர்த்தம். கடைசிச் சைகைக்கு என் வீட்டுக்காரர் பலமுறை ஆசைப்பட்டும் கட்டுப்பட முடிந்ததில்லை. நானும் அவரோடு போய்ப் பின்னால் உட்கார்ந்து பின்னல் போட்டுக்கொண்டிருப்பேன். மேடையைப் பார்த்ததைவிட அந்த விரலைத்தான் அதிகம் பார்த்திருப்பேன்.

பிறகு கிருமி வந்தது. ஊரை அடைத்தார்கள். வானொலியில் அதற்கு நீளமாக ஒரு தமிழ்ப் பெயர் சொன்னார்கள், எங்கள் புளோக்கில் எல்லாரும் சர்க்கிட் பிரேக்கர் என்றே சொன்னோம். எங்கள் வேலையில் அந்த சுவிட்ச் விழுந்தால் விரலால் தூக்கி விட்டால் போதும் என்று என் வீட்டுக்காரர் சிரித்தார்.

தையல் கடை மூடியது. சுவர் நோட்டீஸ்கள் எல்லாம் ரத்து. அக்கா என்ன செய்வார் என்று நாங்கள் இருவரும் உண்மையாகவே கவலைப்பட்டோம். அவர் எங்களைவிடச் சுறுசுறுப்பாக இருந்தார். கச்சேரி, நாடகம், கவிதை வாசிப்பு எல்லாம் போனிலேயே நடக்கிறதாமே, அதற்கு எப்படிப் போவது என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்டார். இவரும் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தார். முதல் நாள் அவர் கேட்ட கேள்வியை வீட்டில் பல நாள் சொல்லிச் சிரித்தோம்.

"தம்பி, இப்ப நான் உள்ள இருக்கேனா, வெளிய இருக்கேனா?"

வழி தெரிந்தபிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. முன்பு தேக்காவைச் சுற்றித்தான் போவார், இப்போது தீவு முழுக்க, உலகம் முழுக்கப் போனார். எல்லாம் இலவசம், டிக்கெட் இல்லை, எம்ஆர்டி ரயில் இல்லை. இசைக்குழுக்காரர்கள் அவரவர் வீட்டுப் படுக்கையறையில் உட்கார்ந்து வயலின் வாசித்தார்கள், அங்கே இருந்தார். மலாய்க் கவிதை வாசித்தார்கள், அங்கே இருந்தார். எங்கோ ஐரோப்பாவில் விரல் நுனியில் நின்று ஆடினார்கள், அங்கேயும் இருந்தார். சேலை கட்டி, பவுடர் போட்டு, கட்டிலில் உட்காராமல் நாற்காலி போட்டு உட்கார்ந்துதான் பார்ப்பார். விரைவில் தொடங்கும் என்று திரையில் எழுத்து நிற்குமே, அதையே அரைமணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். முன்கூட்டியே போய் இடம் பிடிக்க வேண்டுமாம்.

போனதும் அங்கே ஓரத்தில் எழுதுகிற இடத்தில் தமிழில் 'வந்துட்டேன்' என்று போடுவார். முடிந்ததும் 'போயிட்டு வரேன்' என்று போடுவார். எந்த மொழி நிகழ்ச்சியானாலும் இந்த இரண்டுதான். சீன வாயாங் கூத்து ஒன்றில் முகத்தில் சாயம் பூசியவர்கள் உச்சக் குரலில் பாடிக்கொண்டிருந்தபோது, இது என்ன எழுத்து என்று ஒருவர் ஆங்கிலத்தில் கேட்டார். தமிழ், வந்திருக்கிறேன் என்று சொல்கிறார் என இன்னொருவர் விளக்கினார். அடுத்த வாரம் அந்த வாயாங்கில் இவர் போடுவதற்கு முன்பே யாரோ ஒரு சீனப் பெரியவர், தமிழ் ஆன்ட்டி வந்தாச்சா என்று கேட்டு எழுதியிருந்தார். அன்றைக்கு அக்காவின் குரலில் இருந்த பெருமையை நான் வேறு எதற்கும் கேட்டதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒரு சின்னப் பெண் வீட்டிலிருந்து வீணை வாசிப்பதை நேரலையாகப் போட்டிருந்தாள். பார்ப்பவர் எண்ணிக்கை திரையில் தெரியும் அல்லவா, ஒன்று என்று காட்டியதாம். அந்த ஒன்று தான்தான் என்று அக்காவுக்குப் புரிய நேரம் பிடித்தது. அடுப்பில் பருப்பு வைத்துவிட்டு வந்திருந்தார். எழுந்து போனாலும் போன் அங்கேதானே இருக்கும், எண்ணிக்கை குறையாது என்று என் வீட்டுக்காரர் பிறகு விளக்கினார். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"எண்ணிக்கை குறையாதுப்பா. ஆனா நாற்காலியில ஆள் இல்லையே. அந்தப் புள்ள யாரப் பாத்து வாசிக்கும்?"

பருப்பு கருகியது. தம்பி மனைவி சத்தம் போட்டார். அந்தப் பெண் முடித்து வணக்கம் சொல்லும்வரை அக்கா எழுந்திருக்கவில்லை.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, காலையில் காப்பி ஆற்றிக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். கிருமி இல்லை, இதயம். ஆம்புலன்ஸ் வந்தது, கூட்டிப்போனார்கள், ஆஸ்பத்திரியில் டாக்டர் வெளியே வந்து உயிர் போய்விட்டது என்று சொன்னார். அன்றைக்கு நடந்ததெல்லாம் எனக்கு ஞாபகம் இருக்கிறது. ஆனால் வேறு யாருக்கோ நடந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த ஞாபகமாக இருக்கிறது. அவருடைய காப்பியை நான் கொட்டிவிட்டுக் குவளையைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அழவில்லை. அழுகை பிறகு வரும் என்று எல்லாரும் சொன்னார்கள். நானும் வரட்டும் என்று இருந்தேன்.

பத்துப் பேருக்கு மேல் கூடக் கூடாது. மகன் மெல்பர்னில். விமானம் இல்லை. மைக்செட் போட்டு ஊரையே கூட்டிய மனுஷனுக்கு, இடைவெளி விட்டுப் போட்ட நாற்காலிகளில் பத்துப் பேர். மற்றவர்களுக்கு இணைப்பு அனுப்பினோம். ஈமச்சடங்குக் கடைக்காரர் ஒரு தாங்கியில் போனை நிறுத்திவைத்தார். திரையில் ஒரு கட்டத்துக்குள் என் மகன் இருந்தான், சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தான். அதைச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன், சொல்லவில்லை. மற்ற கட்டங்களில் தெரிந்த முகங்கள். ஒரு கட்டத்தில் அக்கா, வெள்ளைச் சேலையில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார்.

பெட்டி எரிமேடைக்குள் போனது. கட்டங்கள் ஒவ்வொன்றாக மறைந்தன. யாரும் எதுவும் சொல்லவில்லை, எழுதவில்லை. நம் வழக்கம் தெரிந்ததுதான். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகக் கூடாது. வரேன் என்ற சொல் அங்கே வாயில் வரவே கூடாது. அந்த வீட்டுக்கு இன்னொரு முறை இதே காரியத்துக்கு வருகிறேன் என்று ஆகிவிடும். துக்கம் கேட்டோமா, எழுந்தோமா, திரும்பிப் பார்க்காமல் நடந்தோமா என்று இருக்க வேண்டும். இந்து, கிறிஸ்துவர் என்ற பேதமெல்லாம் இதில் கிடையாது.

கடைசியாக ஒரு கட்டம் மட்டும் மிச்சம் இருந்தது. பிறகு திரையின் ஓரத்தில் எழுத்து வந்தது.

'போயிட்டு வரேன்.'

அந்தக் கட்டமும் மறைந்தது.

பொங்கோலில் இருக்கும் என் நாத்தனார், என் வீட்டுக்காரரின் அக்கா, என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். அவர் படித்துவிட்டார். வீட்டுக்கு வந்து தலைமுழுகிய கையோடு ஆரம்பித்தார். யார் அந்தப் பொம்பளை, சாவு வீட்டில் சொல்லிக்கொண்டா போவார்கள், இனி இந்த வீட்டில் மிச்சம் இருப்பது யார் என்று கேட்டுவிட்டு, பதில் தானாகவே தெரிந்ததும் வாயைப் பொத்திக்கொண்டார். மிச்சம் இருந்தது நான்தான்.

எனக்கு எதுவும் தோன்றவில்லை. பயம் இல்லை, கோபமும் இல்லை. அன்றைக்கு வந்த அத்தனை ஆறுதல் வாசகங்களில் எனக்கு ஞாபகம் இருந்தது அந்த இரண்டு சொல் மட்டும்தான் என்பது எனக்கே வேடிக்கையாக இருந்தது.

பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் மாலை ஏழரைக்குப் போன் அடித்தது. அக்காதான். வருத்தம் தெரிவிப்பார் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை. இன்றைக்கு அருங்காட்சியகத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள், இணைப்பு அனுப்பியிருக்கிறேன், வந்துவிடு என்றார். மறுக்கவேண்டுமானால் அதற்கும் கொஞ்சம் மனசு வேண்டும். போய்விட்டேன்.

ஆள் இல்லாத கூடங்களில் ஒருவர் கேமராவைத் தூக்கிக்கொண்டு நடந்தார். பழைய ஜாடிகள், தங்கக் காசுகள், ஒரு கல் நந்தி. அவருடைய செருப்புச் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா போனை வைக்காமல் ஒலிபெருக்கியில் போட்டிருந்தார், அங்கே ஓடுவதும் இங்கே ஓடுவதும் சற்று முன்பின்னாக இரண்டு முறை கேட்டது. எனக்கு ஜாடி ஜாடியாகத் தெரிந்தது, நந்தி நந்தியாகத் தெரிந்தது. வேறொன்றும் இல்லை.

மறுநாளும் ஏழரைக்குக் கூப்பிட்டார். அதற்கு மறுநாளும். சில நாள் நிகழ்ச்சி எதுவும் இல்லாவிட்டால் பழைய பதிவு ஒன்றைத் தேடிப் போட்டு, இதுவும் நிகழ்ச்சிதானே என்பார். ஏழு வீடுகளிலிருந்து ஏழு பேர் நடித்த தமிழ் நாடகம் பார்த்தோம், கதாநாயகி கையை நீட்டினால் கதாநாயகன் வேறு திசையில் இருந்தான். ஊரெல்லாம் சிரித்து எழுதியது. நான் சிரிக்கவேண்டிய இடம் இது என்று தெரிந்து உட்கார்ந்திருந்தேன். கலை மனசை ஆற்றும் என்று அப்போது எல்லாரும் பேசினார்கள், அந்த நிகழ்ச்சிகளிலேயே ஆரம்பத்தில் ஒருவர் வந்து அதைச் சொல்லிவிட்டுத்தான் போவார். எனக்கு ஒன்றும் ஆறவில்லை. காலை மடக்கி வெகுநேரம் உட்கார்ந்தால் மரத்துப்போகுமே, அதுபோல என் உடம்பு முழுக்க இருந்தது. ஒருநாள் அக்காவிடம் சொல்லியே விட்டேன். என்னை விட்டுவிடுங்கள், எனக்கு எதையும் ரசிக்க முடியவில்லை என்று.

"ரசிக்கணும்னு உன்ன யாரு கேட்டா? வந்து உக்காரு, போதும்" என்றார்.

அது எனக்குச் சௌகரியமாக இருந்தது. நன்றாக இருக்க வேண்டும், தேறி வர வேண்டும், பழையபடி ஆக வேண்டும் என்று எல்லாருக்கும் என்னிடம் ஏதோ ஒன்று தேவைப்பட்டது. இவருக்கு நான் உட்கார்ந்திருந்தால் போதும். உட்கார்ந்திருந்தேன்.

நிகழ்ச்சி தொடங்குமுன் என்ன சாப்பிட்டாய் என்று கேட்பார். ரசம் என்பேன். உண்மையில் நான் சமைப்பதை நிறுத்தியிருந்தேன். சோறு இறங்கவில்லை என்றெல்லாம் இல்லை, பசி எடுக்கவில்லை, அவ்வளவுதான். தேநீரில் பிஸ்கட்டை நனைத்துத் தின்பேன், அதையும் சில நாள் மறப்பேன். சரக்கு அனுப்பும் நிறுவனத்தில் எனக்குக் கணக்கு வேலை, வீட்டிலிருந்தே பார்த்தேன். தப்பில்லாமல் பார்த்ததால் மேலாளர் பாராட்டினார். இரத்த அழுத்த மாத்திரைகளைப் போடுவதையும் விட்டிருந்தேன். சாக வேண்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை. இருக்க வேண்டும் என்றும் நினைக்கவில்லை. எனக்கு என்ன நடந்தாலும் சரி என்று விட்டிருந்தேன்.

"தினமும் ரசமா? உங்க வீட்ல மிளகுக் கொடி போட்டிருக்கா?" என்று ஒருநாள் கேட்டார். நிகழ்ச்சி ஆரம்பித்துவிட்டது என்றேன்.

ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போகலாம் என்று தளர்த்தியதும் அவர் தோ பாயோவில் என் வீட்டுக் கம்பிக் கதவுக்கு வெளியே வந்து நின்றார். முகக்கவசம், கைப்பை, கையில் வேறெதுவும் இல்லை. மார்சிலிங்கிலிருந்து அவ்வளவு தூரம் வந்த மனுஷிக்குத் தண்ணீர் கொடுக்க வேண்டும் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. உள்ளே வந்தார். என்னை மேலும் கீழும் பார்த்தார். என் ரவிக்கை அளவு அவருக்குத் தெரியும், அவரே தைத்ததுதான். தோள் இறங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. பிறகு மேசையைப் பார்த்தார். மருந்தகத்தில் கொடுத்த மாத்திரைப் பை, வாய் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அதைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

நான் அவரை அழ வைத்துவிட்டேன். அவ்வளவு பெரிய கூட்டங்களில் எல்லாம் தூங்கியும் தட்டியும் பார்த்த முகம், முதல்முறையாகக் கலங்கியது.

"அன்னைக்கு 'போயிட்டாரே தம்பி'ன்னு போட வந்தேன்லா. 'போயி'ன்னு அடிச்ச ஒடனே போனு அதுவா மிச்சத்தப் போட்டுக் குடுத்துருச்சு. தினமும் அதையே போட்டுப் போட்டுப் பழகினது. கண்ணு கலங்கியிருந்ததா, நானும் பாக்காம அழுத்திட்டேன்."

அதனால்தான் கூப்பிட்டிருக்கிறார். கலையும் இல்லை, ஆறுதலும் இல்லை. ஏழரைக்கு மணி அடித்து நான் எடுத்தால், அன்றைக்கு நான் உயிரோடு இருக்கிறேன் என்று அர்த்தம். நிகழ்ச்சி முடியும்வரை மூச்சுச் சத்தம் கேட்டால் இன்னும் இருக்கிறேன் என்று அர்த்தம். இதைப் பாதிரியாரிடமும் போய்ச் சொல்லியிருக்கிறார். இதெல்லாம் மூடநம்பிக்கை, ஜெபம் செய்யுங்கள் என்றாராம். ஜெபமும் செய்திருக்கிறார், போனும் செய்திருக்கிறார்.

எனக்கு அப்படியெல்லாம் ஒன்றும் ஆகாது என்று சொன்னேன். சொல்லும்போதே அந்த மாத்திரைப் பை அவர் கையில்தான் இருந்தது.

"ஒரு வருஷம். தெவசம் முடியற வரைக்கும்தான் அந்தச் சொல்லுக்கு வேல. அதுவரைக்கும் இருந்துடும்மா. அதுக்கு அப்புறம் உன் இஷ்டம்."

இப்படி ஒரு வேண்டுகோளை யாரும் யாரிடமும் வைத்திருக்க மாட்டார்கள். நல்லா இரு என்று வாழ்த்தியவர்கள் நிறையப் பேர். ஒரு வருஷத்துக்கு மட்டும் இரு, என் மேல் பழி வராமல் பார்த்துக்கொள் என்று கேட்டவர் அவர் ஒருவர்தான். சரி என்று சொல்லிவிட்டேன். அவருக்காகத்தான் சொன்னேன். அந்தப் பையின் வாயைக் கிழித்து ஒரு மாத்திரையை என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, நான் விழுங்கும்வரை நின்றார்.

அதன்பிறகு அந்த வருஷத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் மாத்திரை. பகலில் கணக்கு. ஏழரைக்கு அக்கா. என்ன சாப்பிட்டாய் என்று கேட்டால் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்ததால் ஏதாவது சமைத்தேன். உப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாமலே சாப்பிட்டேன். மாலையில் ஜப்பானிய மத்தளம், குஜராத்திப் பாவாடை நடனம், யாரோ ஒரு முதியவர் தன் வீட்டுச் சன்னலிலிருந்து வாசித்த புல்லாங்குழல். எதுவும் எனக்குள் இறங்கவில்லை. ஆனால் எதற்கும் நான் போகாமல் இருந்ததில்லை. நடுவில் அக்காவின் குறட்டை கேட்கும். என்னைக் காவல் காக்க வந்தவர் தூங்கிவிட்டார் என்று நான் அவருடைய மூச்சைக் கேட்டுக்கொண்டிருப்பேன். அறுபதைத் தாண்டிய மனுஷி, தனியாக ஓர் அறையில் பவுடர் போட்டுக்கொண்டு தூங்குகிறாரே, அவருக்கு ஏதும் ஆகிவிடக் கூடாது என்று ஒருநாள் தோன்றியது. தோன்றியது என்பதையே பிறகுதான் கவனித்தேன்.

வருஷ திவசம் வந்தது. ஐயர் திரையில் மந்திரம் சொன்னார், மகன் மெல்பர்னில் எள்ளும் தண்ணீரும் இறைத்தான். நாத்தனார் பொங்கோலிலிருந்து வந்து சமைத்துப் போட்டுவிட்டு, கம்பிக் கதவைச் சாத்திக்கொண்டு ஒன்றும் சொல்லாமல் போனார்.

மறுநாள் ஏழரைக்கு நான் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தேன். போன் அடிக்கவில்லை. ஏதாவது வேலையாக இருப்பார் என்று நினைத்தேன். அதற்கு மறுநாளும் அடிக்கவில்லை. மணி எட்டாகியது. எழுந்து விளக்கைப் போட்டேன். மறுபடி வந்து உட்கார்ந்தேன். காது சூடாவது தெரிந்தது. நெஞ்சு படபடத்தது. அழுத்தம் ஏறிவிட்டதோ, மாத்திரை போட்டேனே என்று யோசித்து, அது இல்லை, எனக்குக் கோபம் வந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆனது.

நானே கூப்பிட்டேன். முதல் மணியிலேயே எடுத்தார்.

வருஷம்தான் முடிந்துவிட்டதே, இனி உன் இஷ்டம் என்று சொல்லியிருந்தேனே என்றார். குரலில் எதுவும் இல்லை. கேட்டதைக் கொடுத்துவிட்டாள், இனித் தொந்தரவு செய்யக் கூடாது என்று அவர் எண்ணியிருக்கிறார். நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக ஞாபகம் இல்லை. உங்கள் இஷ்டத்துக்கு வருவீர்கள், உங்கள் இஷ்டத்துக்கு நிறுத்துவீர்களா என்று கேட்டேன். சாகாமல் இருந்தேனா என்று பார்த்துவிட்டால் முடிந்ததா என்று கேட்டேன். காப்பி ஆற்றிக்கொண்டிருந்தவரை ஏன் ஒருவரும் தூக்கிவிடவில்லை என்று கேட்டேன். அதற்கும் அவருக்கும் என்ன சம்பந்தம்? இருந்தாலும் அவரிடம்தான் கேட்டேன். பக்கத்து வீட்டு மலாய் அம்மா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். அக்கா குறுக்கே பேசவில்லை.

"அக்கா" என்றேன்.

"சொல்லு."

"பசிக்குது."

அந்தப் பக்கம் நாற்காலியை இழுத்துப் போடும் சத்தம் கேட்டது.

"வீட்ல என்ன இருக்கு?"

"சோறு இருக்கு. மத்தியானம் வச்ச கத்திரிக்காக் கொழம்பு இருக்கு."

"போட்டுச் சாப்பிடு. நான் லைன்ல இருக்கேன்."

போனை மேசையில் வைத்துவிட்டுச் சோற்றைப் போட்டேன். குழம்பைச் சுட வைக்கவும் பொறுமை இல்லை. முதல் வாயிலேயே உறைத்தது, மிளகாய் கூடிப்போயிருந்தது, புளி போதவில்லை. என் வீட்டுக்காரர் இருந்திருந்தால் இதைத் தொட்டிருக்க மாட்டார். அப்போதுதான் அழுகை வந்தது. நிறுத்த முயலவில்லை. அழுதுகொண்டே சாப்பிட்டேன், இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டேன். மூக்கு ஒழுகியது, துடைத்துக்கொண்டு சாப்பிட்டேன். தட்டு காலியாகும்வரை அவர் லைனில் இருந்தார்.

பிறகு, "தண்ணி குடி" என்றார்.

குடித்தேன்.